தாயின் சம்மதமும் மகளின் அந்தரங்கமும்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு மாணவி. மின்கட்டணம் கட்டுவது முதல் காஸ் பதிவு செய்வது வரை அவ்வீட்டின் கைபேசிக் காரியங்கள் யாவும் அவள் பொறுப்பு. சென்ற மாதம் ஆங்கிலம் பயிற்றும் செயலி ஒன்று, பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்று தடுத்து நிறுத்தவே, அவள் தாயாரின் கைபேசியை எடுத்து, அதில் வந்த ஆறிலக்க ஓ.டி.பி.யைத் தானே படித்துத் தானே பதிந்தாள். அடுக்களையிலிருந்து, "என்னடி மெசேஜு?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்லம்மா, படிக்கிற ஆப்புக்கு" என்றாள். தாயார் சம்மதித்தாயிற்று.

2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளுமுன் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதத்தைப் பெறவேண்டுமென விதிக்கிறது. நிபந்தனைகளைப் படியாமலே ஒப்புக்கொண்டுவிடும் பிள்ளையின் அவசரத்தை வர்த்தக ஸ்தாபனங்கள் மூலதனமாக்கிக்கொள்ளாதபடி ஒரு பெரியவர் குறுக்கே நிற்பது நியாயமே. ஆயினும் அதே பிரிவு, பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்திருப்பதும், சிறுவர் தொடர்பான கடமை தவறுவோர்க்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் வகுக்கப்பட்டிருப்பதும், என் அபிப்பிராயத்தில் சம்மதத்தைக் காட்டிலும் பன்மடங்கு பிரயோஜனமானவை; அங்கே பாரம் முழுவதும் ஸ்தாபனத்தின் தோளில் ஏறுகிறது. பள்ளிகளுக்கு இவற்றில் சில விலக்குகளை இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2025இன் விதிகள் அளித்திருப்பது தனியே ஆராயவேண்டிய விஷயம்.

சம்மதமோ தாயின் எழுத்தறிவையும் ஓய்வையும் நம்பி நிற்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆம் ஷரத்தில் அடங்கிய அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அவ்வுரிமை பிள்ளைக்கும் உரியதன்றோ? ஆறு வயதுக் குழந்தையையும் பதினேழு வயது மாணவியையும் ஒரே தராசில் நிறுத்தி, இருவரின் திறவுகோலையும் பெற்றோரிடமே ஒப்படைக்கும்போது, அறிமுகமற்ற ஒருவன் அவளுடைய புகைப்படத்தைத் திரித்து மிரட்டுகிற நாளில் அவள் யாரிடம் ஓடுவாள்? சொன்னால் கைபேசி பறிபோகும், வெளியே போவதும் நிற்கும் என்ற பயத்தினால் வாய் மூடிக் கிடக்கும் பெண்ணின் மௌனமே அந்த மிரட்டல்காரனுக்குப் பெரும் பலம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098உம் இருக்கின்றன. நான் கேட்டபோது அவ்விரண்டையும் அந்தப் பெண் அறிந்திருக்கவில்லை.

ஒரு மாலை அவளோடு திண்ணையில் அமர்ந்து, அச்செயலிக்கு அவள் அளித்திருந்த அனுமதிகளைத் திறந்து பார்த்தேன். மைக் உச்சரிப்புப் பயிற்சிக்கு வேண்டும், சரி, இருப்பிடம் எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு? அந்தப் பட்டியலில் அவள் பெரியம்மாவின் எண் இருந்தது, டியூஷன் ஆசிரியையின் எண் இருந்தது, தோழிகள் பலரின் எண்கள் இருந்தன. "இவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே, மாமா" என்றாள் அவள். தாயார் ஒருவரின் சம்மதத்தால் இத்தனை பேருடைய விவரமும் வெளியேறக்கூடும் என்பதை அவளே கண்டுகொண்டு, அனுமதிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு உள்ளே போய்த் தாயாரின் கைபேசியை எடுத்து வந்தாள். தாயாரும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.