கடுமையும் தளர்வும்: யூத சமயநெறி பற்றிய ஒரு நோக்கு

சமய ஆசாரத்திற் கடுமையே பத்தியின் அடையாளம் என்றும், தளர்வு அதன் குறைவு என்றும் கருதுவார் பலர். யூதரின் நெறிநூல்களை ஆராயுமிடத்து இக்கருத்து நிலைபெறாமை புலனாகும்.

கி. பி. 200 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, ஹில்லெல், ஷம்மாய் என்னும் ஆசிரியர் இருவர்தம் பள்ளிகளின் வாதங்கள் பலவற்றைக் கொண்டது. ஷம்மாய் பள்ளியார் கடுமையுடையார், ஹில்லெல் பள்ளியார் இளக்கமுடையார் என்பது பொதுவழக்கு. ஷெமா என்னும் வழிபாட்டு மொழியை மாலையிற் படுத்தும் காலையில் நின்றும் ஓதல் வேண்டும் என்றனர் முன்னையோர். அவரவர் இருந்தவாறே ஓதலாம் என்றனர் பின்னையோர். ஆயினும் இவ்வழக்கு முற்றும் பொருந்துவதன்று. ஷம்மாய் பள்ளியார் தளர்த்தியும் ஹில்லெல் பள்ளியார் இறுக்கியும் கூறிய விதிகளை எதுயோத் என்னும் பகுதி தொகுத்துரைக்கின்றது.

அவற்றுள் ஒன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. கணவனோடு சென்ற பெண்ணொருத்தி தனியே மீண்டு, அவன் இறந்தான் என்கிறாள், வேறு சான்றில்லை. அவள் மறுமணம் செய்யலாமா? அறுவடையிலிருந்து, அதுவும் அந்நாட்டினுள்ளே, மீண்டவளாயின் மட்டும் அவள் சொல்லை ஏற்கலாம் என்றனர் ஹில்லெல் பள்ளியார். முன்னர் நிகழ்ந்த வழக்கு அறுவடைக்காலத்ததாகலின் அது கூறப்பட்டதேயன்றி, எங்கிருந்து மீண்டவளுக்கும் விதி ஒன்றே என்றனர் ஷம்மாய் பள்ளியார். ஹில்லெல் பள்ளியார் தம் கொள்கையை விட்டு இதனையே ஏற்றனர்.

இத்தளர்வு கண்மூடிய இரக்கமன்று. இறந்தான் எனப்பட்ட கணவன் உயிரோடு மீள்வானாயின், மறுமணம் செய்தவள் இருவரையும் பிரிதல் வேண்டும். மணவுரிமைப் பொருளையும் இழப்பாள். முடிவில் வைத்த இக்கடுமையே தொடக்கத்தில் தளர்வுக்கு இடந்தந்தது எனத் தல்மூட் விளக்குகின்றது. விளைவை அஞ்சுபவள் நன்கு ஆராய்ந்த பின்னரே மணப்பாள் என்பது கருத்து. ஈண்டுக் கடுமையும் தளர்வும் பகையல்ல; ஒன்றையொன்று தாங்குவன.

அனுமதிப்பதன் வலிமையே சிறந்தது என்பது தல்மூட் கொள்கை. இதற்கு உரைகண்ட ராஷி (1040–1105), விலக்குதல் யார்க்கும் இயலும், அனுமதிப்பவனோ தன் கல்வியை நம்பியே அனுமதிக்கின்றான் என்னும் கருத்துப்பட விளக்கினார்.

அங்ஙனமாயின் அண்மைக்காலத்தில் கடுமை மிகுந்தமைக்குக் காரணம் யாது? ஹயிம் சோலோவெய்ச்சிக் 1994 இல் வெளியிட்ட கட்டுரையில், புலப்பெயர்வாலும் பேரழிவாலும் இல்லத்திற் கண்டு பயிலும் மரபு அறுபட, நூலைக் கற்று ஒழுகும் முறை அதனிடத்தைப் பெற்றது என்றார். இவ்விளக்கம் ஆழமுடையது. எனினும் நூலே கடுமையைத் தோற்றுவிப்பது என இதனாற் கொள்ளல் பொருந்தாது. மேற்காட்டிய தளர்வும் நூலிலேயே உளது. குறைந்தது நூலன்று, அதனை வைத்துத் துணிந்து தீர்ப்புரைக்கும் தன்னம்பிக்கையே எனல் தகும்.

தன்மேல் ஒருவன் ஏற்றுக்கொள்ளும் கடுமை நோன்பாகலாம். பிறர்மேற் சுமத்தும் கடுமைக்கோ விலை கொடுப்பவர் வேறொருவர். மறுமணத்தை விலக்கும் நடுவர் இழப்பது யாதுமில்லை. அப்பெண் இழப்பதோ தன் வாழ்வு முழுவதையும். இவ்வேறுபாட்டை உணர்ந்தமையே அப்பண்டை ஆசிரியர்தம் பெருமையாகும்.