விடுபட்ட முகவுரை

ரஷ்யப் பேரரசில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1893-இல் சிறுவனாய் நியூயார்க் வந்தடைந்த இர்விங் பெர்லின் இயற்றியதே ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’. எண்ணற்றோர் பாடிய இப்பாட்டிற்கு முகவுரை ஒன்று உண்டென்பதைப் பலரும் அறியார். பெவர்லி ஹில்ஸில் வெயிலும் பனைமரமும் சூழ நின்று, வடக்கை எண்ணி ஏங்குபவனின் கூற்று அது. பிங் கிராஸ்பி 1942-இல் பதிவு செய்தபோது அதனை விடுத்தார். பின்வந்தோரும் பெரும்பாலும் அவர் வழியே சென்றனர். ஏக்கத்தின் காரணம் மறைய, பண்டிகை வாழ்த்தே எஞ்சிற்று. (மூலத்தட்டு தேய்ந்தமையால் அவர் 1947-இல் மீண்டும் பாடியதே இன்று நாம் பெரிதும் கேட்பது.)

டிரிஃப்டர்ஸ் குழுவின் 1954-ஆம் ஆண்டுப் பதிவில் அடிக்குரலும் உச்சக்குரலும் மாறி ஒலித்துக் குதூகலமூட்டுகின்றன. கேட்க இனிதே; ஆயினும் ஊரைப் பிரிந்தவன் அங்கே இல்லை. கிராஸ்பியின் தாழ்குரலிலோ, சொல்லாது விட்ட அவ்வெயிலும் உறைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடல்கடந்து நின்ற அமெரிக்க வீரர்கள் அவரிடம் இப்பாட்டையே விரும்பிக் கேட்டதில் வியப்பென்ன?