நார்ட்டன் கமாண்டோவுக்கு எந்த ஃபில்டர்?

நார்ட்டன் கமாண்டோ பைக்கின் உற்பத்தி 1977இல் நின்றுபோனது. ஆனாலும் அதற்கு ஆயில் ஃபில்டர் கிடைக்கவில்லை என்று யாரும் தவிப்பதில்லை. 1972 மாடலில் நார்ட்டன் புகுத்திய ஃபில்டர், கார்களில் இருப்பதைப் போலத் திருகி மாட்டும் தகர டப்பா. அந்த வகை இன்றும் உலகெங்கும் தயாராகிறது. தட்டுப்பாடு இல்லாததுதான் ஆபத்து என்பேன். ஒரே பருமனும் ஒரே உயரமும் கொண்ட டப்பாக்கள் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும். எது எதற்குப் பொருந்தும் என்று ஒருவர் பட்டியல் போட, மற்றவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மரை, ரப்பர் வளையம், வால்வு, உள்ளே இருக்கும் காகிதம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் எந்த ஃபில்டருக்கும் நற்சான்று தரக் கூடாது.

முதலில் மரை. கமாண்டோவின் ஃபில்டர் ஏறும் தண்டு முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. மில்லிமீட்டரில் சொன்னால் விட்டம் 19.05, புரிக்குப் புரி இடைவெளி 1.59. ஜப்பானிய பைக்குகள் பலவற்றுக்கான ஃபில்டரில் இருப்பது 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் கொண்ட மரை. இந்த இரண்டாவது டப்பா நார்ட்டன் தண்டில் ஏறிவிடும் என்பதுதான் கொடுமை. ரப்பர் வளையம் தகட்டைத் தொடுவதற்கு முன், இரண்டு சுற்று ஏறிய நிலையில் டப்பாவைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சரியான மரையில் அசைவு இருப்பதே தெரியாது. தவறானது லொடலொடவென்று ஆடும். மேலும் திருகி ரப்பர் அமுங்கியதும் அந்த ஆட்டம் மறைந்து, கைக்கு நன்றாக இறுகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் புரிகள் ஒன்றையொன்று பற்றும் ஆழம், இருக்க வேண்டியதில் பாதிகூட இருக்காது.

வேறு வண்டியில் இது வெறும் ஒழுகலோடு போகலாம். கமாண்டோவில் போகாது. அதன் பெருமையே ஐசோலாஸ்டிக் அமைப்பு: எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் கை மூன்றும் ஒரே தொகுப்பாக ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால், அதிர்வு ஓட்டுபவரை எட்டுவதில்லை. ஃபில்டரோ கியர்பாக்ஸுக்குப் பின்னால், அதிரும் அந்தத் தொகுப்பிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் தப்பித்த அதிர்வு முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது. டப்பா தானாகக் கழலாதபடி, அதைச் சுற்றி ஒரு பெரிய ஹோஸ் கிளிப்பைத் தொழிற்சாலையே போட்டு அனுப்பியதற்குக் காரணம் இதுதான். அழகில்லை என்று அதைக் கழற்றிப் போடுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஃபில்டர் இருப்பது எஞ்சினிலிருந்து டேங்குக்கு எண்ணெய் திரும்பும் குழாயில். டப்பா கழன்றால் டேங்கின் 2.8 லிட்டரையும் பம்ப் பின்டயரின் பக்கமாகவே கொட்டித் தீர்க்கும். பேரிங் உருகுவதற்குள் வண்டி சறுக்கிவிடலாம்.

ரப்பர் வளையத்துக்கு வெர்னியரால் ஓர் அளவு போதும். பழையதன் விட்டமும் புதியதன் விட்டமும் ஒத்துப்போக வேண்டும்.

வால்வு விஷயத்தில் விற்பவர்கள் சொல்வதை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். காகிதம் அடைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு மாற்று வழி விடும் பைபாஸ் வால்வு அவசியம். குளிர்ந்து கெட்டியான எண்ணெயோடு கிளம்பும் முதல் நிமிடங்களிலேயே அதற்கு வேலை இருக்கும். எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் மடலுக்காகக் கூடுதல் விலை தருவதை நான் ஏற்கவில்லை. வாரக்கணக்கில் நிறுத்திவைத்த கமாண்டோவில் டேங்க் எண்ணெய் கிரான்க்கேஸுக்குள் இறங்கிவிடும் தொல்லையை அது தீர்க்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த எண்ணெய் இறங்குவது டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாய் வழியாக, பம்ப்பின் பல்சக்கர இடுக்குகளில் கசிந்து. திரும்பும் குழாயில் இருக்கும் மடல் அதை எப்படித் தடுக்கும்?

காகிதத்தைப் பொறுத்தவரை, அட்டையில் போட்ட மைக்ரான் எண்ணை மட்டும் நம்ப முடியாது. 20 மைக்ரான் துகளில் பாதியைப் பிடிப்பதும் 20 மைக்ரான், தொண்ணூற்றொன்பது சதவீதத்தைப் பிடிப்பதும் 20 மைக்ரான்தான். ஐ.எஸ்.ஓ. 4548-12 சோதனையின்படி சதவீதத்தோடு அளவைச் சொல்லும் தயாரிப்பாளருக்கே என் வாக்கு. கமாண்டோவின் கனெக்டிங் ராடுகளில் இருப்பவை ஷெல் பேரிங்குகள். இவ்வகைப் பேரிங்கின் எண்ணெய் இடைவெளி பொதுவாக 25 முதல் 50 மைக்ரான். அந்த அளவுத் துகள்தான் அங்கே நுழைந்து அரைக்கும்.

கழுவி மறுபடி போடும் எஃகு வலை ஃபில்டரை நான் நிராகரிப்பது இதனால்தான். பெரும்பாலான வலைகளின் துளைகள் நல்ல காகிதத்தின் துளைகளைவிடப் பெரியவை. எஞ்சின் உதிர்த்த உலோகத்தை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கலாம் என்ற நன்மை அதற்கு உண்டு, மறுக்கவில்லை. கழற்றிய டப்பாவை வெட்டி, காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்தாலும் அதே தகவல் கிடைத்துவிடுகிறது. பழைய புல்லட்டின் ஃபெல்ட் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசிப் போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கும் இதே தீர்ப்புதான். ரெட்டிச்சில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அந்த எஞ்சினில், நார்த்திரளுக்குள் ஆழமாகப் புதைந்த அழுக்கு அலசலில் முழுதாக வெளியேறாது.

ஆக, கமாண்டோவுக்கு முக்கால் அங்குல மரையும் பைபாஸ் வால்வும் உள்ள, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் கார் ஃபில்டர் முழுத் தகுதி உடையது. நார்ட்டன் பெயர் அச்சிட்ட டப்பாவுக்குக் கூடுதலாகத் தரும் பணம், அளவுகளைத் தானே சரிபார்க்க முடியாதவருக்கு நியாயமான செலவு; வெர்னியர் வைத்திருப்பவருக்கு அவசியமில்லை.

ட்ரையம்ப் போனவில் கதை வேறு. அதன் 1959 டி120 மாடலில் கம்பிச் சல்லடைகளும், கிரான்க்கின் உள்ளே சுழல்விசையால் கசடைப் பிடித்துவைக்கும் ஒரு குழாயும் மட்டுமே. திரும்பும் குழாயில் தனி ஃபில்டர் சேர்க்கும் கிட்டை நான் ஆதரிக்கிறேன். டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே மாட்டினால் பம்ப் எண்ணெய்க்குத் திணறும். அது கூடவே கூடாது. ஆனால் எஞ்சினைப் பிரித்து, பல ஆண்டுக் கசடு இறுகிய அந்தக் கிரான்க் குழாயைச் சுத்தம் செய்த பிறகே கிட்டை வாங்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் பேரிங்குக்கு எண்ணெயே போகாது; வெளியே மாட்டிய எந்த ஃபில்டராலும் அதைத் திறக்க முடியாது.