சாப விமோசனம்: மன்னிப்புக்குப் பின் வரும் வாழ்வு

புதுமைப்பித்தன் (1906-1948) எழுதிய 'சாப விமோசனம்' சிறுகதை 1943-இல் கலைமகள் இதழில் வெளியானது. அகலிகையின் தொன்மத்தை மறுஆக்கம் செய்த தமிழ்ப் படைப்புகளில் அதிகம் விவாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. இராமனால் அகலிகை மீட்கப்பட்டதோடு இராமாயணம் அவளைக் கடந்து சென்றுவிடுகிறது. இக்கதை அந்த இடத்தில் தொடங்குகிறது. சாபம் நீங்கியவருக்கு வாழ்வும் திரும்பக் கிடைத்துவிடுமா என்பது இதன் கேள்வி.

தொன்மப் பின்னணி

வான்மீகியின் அகலிகை வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இசைகிறாள். கௌதமரின் சாபத்தால் எவர் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு சாம்பலில் கிடக்கிறாள். அங்கே அவள் கல்லாவதில்லை. தமிழில் கல்லுருவம் பழமையானது. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைச் சொல்லுமிடத்தில் பூனையான இந்திரனும் சினந்த கௌதமனும் கல்லான அகலிகையும் வருகிறார்கள். கம்பனின் அகலிகை இடையில் உண்மையை உணர்ந்தும் விலகாதவள். ஆயினும் அவள் மனத்தால் பிழை செய்யாதவள் என்று கூறி விசுவாமித்திரர் அவளைக் கௌதமரிடம் சேர்க்கிறார். வான்மீகியிலும் கம்பனிலும் கணவன் ஏற்றுக்கொள்வதே முடிவு.

கதையின் போக்கு

புதுமைப்பித்தனின் கௌதமர் கொடியவர் அல்ல. ஆத்திரத்தில் சபித்ததை எண்ணி வருந்துகிறார். மனம் அறியாமல் நேர்ந்தது பாவமாகாது என்று தர்மத்தையே புதிதாகச் சிந்திக்கிறார். ஆனால் அகலிகையின் அச்சம் போவதில்லை. சாதாரணப் பேச்சிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று தயங்குகிறாள். அவள் யாரென்று அறிந்த பெண்கள் ஒதுங்கிப் போகிறார்கள். கணவரின் மன்னிப்பு அவரோடு நின்றுவிடுகிறது. ஊரிடமும் இல்லை, அவளிடமும் இல்லை.

இராமனும் சீதையும் தரும் அன்பே அவளுக்குப் பிடிப்பு. வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் தீயில் இறங்க நேர்ந்ததைச் சொல்லும்போது அந்தப் பிடிப்பு அறுகிறது. தன்னைக் குற்றமற்றவளாகக் கண்ட அதே இராமன், குற்றமே இல்லாத மனைவியிடம் நிரூபணம் கேட்டிருக்கிறான். இறுதியில் கௌதமர் அணைக்கும்போது அவள் மனத்துக்கு அவர் இந்திரனாகத் தோன்றுகிறார். அவள் மீண்டும் கல்லாகிறாள். கௌதமர் துறவியாகக் கைலாயத்தை நோக்கி நடக்கிறார்.

விமர்சனம்

இக்கதையை இராமன் மீதான தாக்குதலாக மட்டும் வாசிப்பது அதைக் குறுக்கிவிடும். முற்பகுதியில் இராமனின் கருணை ஐயத்துக்கு இடமின்றிச் சித்திரிக்கப்படுகிறது. அது உண்மையானதாக இருப்பதால்தான் சீதையின் சொல் அகலிகையை அவ்வளவு ஆழமாகத் தாக்குகிறது. தன்னை விடுவித்த தீர்ப்பு நீதியிலிருந்து வந்ததா, ஒருவனின் அந்த நேரத்துப் பரிவிலிருந்து வந்ததா என்று அவள் கேட்க வேண்டியதாகிறது. பரிவு என்றால் அதை நம்பி ஒரு வாழ்க்கையைக் கட்ட முடியாது.

புராணங்கள் நிறைவாழ்வுக்கு வழிகாட்டுபவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தவறு, தண்டனை, மீட்பு என்ற வரிசையே அவற்றிலிருந்து எடுக்கப்படும் பாடம். புதுமைப்பித்தன் அந்த வரிசையில் விடுபட்டதைக் காட்டுகிறார். மன்னிக்கப்பட்டவர் தினமும் மன்னித்தவரின் முகத்தில் விழிக்க வேண்டும். இருவருக்குமிடையே அச்சமற்ற பேச்சு திரும்பாதவரை மன்னிப்பு ஒரு கடனாகவே நிற்கிறது. கௌதமர் தர்மத்தைப் பற்றி ஓயாமல் யோசிக்கிறார். அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்று அவளிடமே கேட்டறியவில்லை. குழந்தை பிறந்தால் அவள் மனம் இளகும் என்ற முடிவும் அவருடையதே.

கதையின் முடிவு சிக்கலானது. கல்லாவதில் அகலிகைக்கு அமைதி கிடைப்பதாகக் கதை காட்டுகிறது. அதை மறுப்பின் வெற்றியாக வாசிக்கலாம். ஆனால் பேசத் தொடங்கிய ஒரு பெண்ணுக்கு மௌனத்தைத் தவிர வேறு வழியைக் கதை தரவில்லை என்பதும் உண்மை. இதே ஆசிரியரின் முந்தைய கதையான 'அகல்யை'யில் கௌதமன் சபிக்காமலே மன்னித்துவிடுகிறான். அந்த எளிய தீர்வைப் பின்னாளில் அவரே ஐயப்பட்டிருப்பதைச் 'சாப விமோசனம்' உணர்த்துகிறது. பிறர் தரும் விடுதலை தொடக்கம் மட்டுமே என்பதைத் தொன்மத்தின் உள்ளிருந்தே சொன்னது இக்கதையின் முதன்மையான இலக்கியப் பங்களிப்பு.