டிஜிகுவார்ட்ஸ் அழுத்தமானி: கண்ணால் படிக்க முடிகிற கட்டளைகள்

அழுத்தமானி வாங்குகிறவர்கள் முதலில் துல்லியத்தைத்தான் விசாரிப்பார்கள். அமெரிக்காவின் பாரோசயின்டிஃபிக் நிறுவனம் தயாரிக்கும் டிஜிகுவார்ட்ஸ் கருவிகளில் அதற்குக் குறைவில்லை. அழுத்தம் மாற மாற உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் மாறும். அதைக் கணக்கிட்டு 0.01 சதவீதத் துல்லியத்தில் எண்ணாகத் தருகிறது. சுனாமியைக் கண்டறியும் டார்ட் மிதவைகளுக்காகக் கடலடியில் வைக்கும் பதிவுக் கருவிகளும் இந்த வகை உணரியைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது, இது கணினியோடு பேசுகிற விதம்.

ஆர்எஸ்-232 கேபிளைச் செருகி, டெர்மினல் மென்பொருளில் 9600 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்தால் போதும். தனி மென்பொருள் வேண்டாம். *0100பி3 என்று தட்டினேன். *00011008.937 என்று பதில் வந்தது. கடித உறையைப் போலப் படியுங்கள்: நட்சத்திரக் குறி தொடக்கம், அடுத்த இரண்டு இலக்கம் பெறுநர், அதற்கடுத்த இரண்டு அனுப்புநர், மீதி விஷயம். கணினியின் எண் 00, கருவியின் எண் 01. பி3 என்றால் 'அழுத்தத்தைச் சொல்'. பதிலில் முகவரி இடம் மாறியிருக்கிறது. பின்னால் வருவது ஹெக்டோபாஸ்கலில் அழுத்தம். வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் இரண்டும் வேண்டும். பல டெர்மினல்கள் என்டருக்கு முதலாவதை மட்டும் அனுப்பும்; பதிலே வராவிட்டால் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

பி4 அனுப்பினால் நிறுத்தும்வரை அளவுகள் வரி வரியாக ஓடும். அப்படி ஓடும்போதே கருவியைத் தரையிலிருந்து மேசைமேல் தூக்கி வைத்தேன். அவ்வளவு உயரத்துக்குச் சுமார் 0.09 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். திரையில் அது தெளிவாகத் தெரிந்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வளையமாக இணைக்கும்போதுதான் இந்த வடிவத்தின் அருமை புரிகிறது. ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு; கடைசிக் கருவி மீண்டும் கணினிக்கு. 99 என்பது எல்லாருக்குமான முகவரி. *9900ஐடி என்ற ஒரே கட்டளையில் கருவிகள் வரிசைப்படி தமக்குத் தாமே எண் இட்டுக்கொள்கின்றன. *9900பி3 என்றால் ஒவ்வொன்றும் தன் அழுத்தத்தைச் சொல்லும். ஆனால் வளையத்தில் ஒரு கருவி செயலிழந்தால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். ஒரே கம்பியைப் பலர் பகிரும் ஆர்எஸ்-485 இணைப்பில் அந்தக் கவலை இல்லை. அங்கே பதில்கள் மோதிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அமைப்புகளை மாற்ற, அதே வரியில் முதலில் இடபிள்யூ என்ற அனுமதிக் கட்டளை வர வேண்டும். கைதவறி அலகையோ பாட் வேகத்தையோ மாற்றிவிடாமல் இருக்க நல்ல காவல் இது.

எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. அழுத்தத்தைக் கேட்டாலும் வெப்பநிலையைக் கேட்டாலும் பதிலில் வெறும் எண்தான் வருகிறது, எது எதற்கு என்ற அடையாளம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் நிரல், ஒரு பதில் தவறினால் குழம்பிவிடும். அடிப்படை வடிவத்தில் சரிபார்ப்பு எண்ணும் கிடையாது; இரைச்சல் மிகுந்த ஆலையில் நீண்ட கேபிளில் ஓர் இலக்கம் கெட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. மோட்பஸ் ஆர்டியு நெறிமுறை இந்தக் குறையைச் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் கொண்டு எப்போதோ தீர்த்துவிட்டது.

வானிலை நிலையத்துக்கும் அளவுத்திருத்தக் கூடத்துக்கும் தயங்காமல் வாங்கலாம். தொழிற்சாலைக்கு வாங்குவோர், ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வியை அனுப்பும்படி நிரல் எழுதுங்கள். நம்பமுடியாத அளவில் தாவும் எண்களை ஒதுக்கிவிடுங்கள்.