யானைக் காசில் விழுந்த அடி

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவரிடம் டை, பஞ்ச், பர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்டு இம்மி பிசகாமல் விழும் தகடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திப்பு சுல்தானின் செப்பு யானைக் காசு முதலில் கழித்துப்போட வேண்டிய சரக்காகத்தான் தெரியும். வட்டம் கோணலாக இருக்கும்; யானை ஓரமாக ஒதுங்கி நிற்கும். ஆனால் இந்தக் காசைச் சீக்கிரம் ரசிக்கப் பழகுபவர்களும் அவர்கள்தான். அச்சு எங்கே ஆழமாக இறங்கியது, எங்கே இறங்கவில்லை என்று பார்க்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

இது இந்தப் பக்கத்துக் காசு. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போகும்வரை பக்கத்துப் பாராமகால் பகுதி மைசூரோடு இருந்தது. ஓசூர் 1799 வரை. மைசூரின் செப்புப் பைசாவில் யானையைப் பொறிக்கத் தொடங்கியவர் ஹைதர் அலி. மகன் திப்பு அதை வளர்த்தெடுத்த விதம் அலாதியானது. சுமார் 11 கிராம் எடையுள்ள பைசாவுக்கு ஸொஹ்ரா, அதாவது சுக்கிரன் என்று பெயர் வைத்தார். அரைப் பைசா பஹ்ராம், அது செவ்வாய். கால் பைசா அக்தர், நட்சத்திரம். சந்தையில் புழங்கும் சில்லறைக்கு வானத்திலிருந்து பெயர் எடுத்த அரசர் வேறு யாரையும் நான் அறியேன். பின்பக்கம் அக்கசாலையின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும்: பட்டன் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம், நகர் என்றால் பெதனூர். பெங்களூரிலும் காசு அடித்தார்கள். பிந்தைய காசுகளில் ஆண்டு திப்பு கொண்டுவந்த மவ்லூதி கணக்கில், எண்கள் வலமிருந்து இடமாக. 2221 என்று படித்துவிட்டுப் புதியவர்கள் திகைப்பார்கள், அது 1222.

அடித்த விதம் இது: கீழ் அச்சு அசையாமல் பதிந்திருக்கும். அதன்மேல் செப்பு வில்லை, வில்லைமேல் கையில் பிடித்த மேல் அச்சு, அதன்மேல் சம்மட்டி அடி. கை சற்றுச் சாய்ந்தால் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மங்கிவிடும். ஆகவே யானையின் முதுகு மழுங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று முடிவுகட்டக் கூடாது. காசைத் திருப்பி, அதே இடத்துக்கு நேர் பின்னால் பாருங்கள். அங்கும் எழுத்து எழும்பவில்லை என்றால் அடி சரியாக விழவில்லை, அல்லது வில்லை அந்த இடத்தில் மெலிந்திருந்தது. கைபட்டுத் தேய்ந்த காசு வேறு மாதிரி இருக்கும்: எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் வழுவழுப்பு. யானையின் வயிறும் தோளும் முதலில் போகும். கால்களுக்கு இடையிலுள்ள பள்ளம் கடைசிவரை தாங்கும்.

அடியின் குறை, தேய்மானம் இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. 1 முதல் 70 வரையிலான தர எண்ணை 1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்தது அமெரிக்கப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக. நேர்த்தியில் அவை எப்படியிருந்தாலும், ஒரே பட்டறையில் இயந்திரத்தால் அடித்தவை. இங்கிலாந்தில் 1662-இல் இயந்திரம் நிலைபெறும்வரை சம்மட்டியால் அடித்த வெள்ளிக் காசுகளை மதிப்பிடுகையில், தேய்மானத்தைத் தனியாகவும் அடியின் தெளிவையும் வில்லையின் முழுமையையும் தனியாகவும் குறிப்பார்கள். நம் காசுக்கும் அதுதான் சரி. கும்பினியே சென்னையில் 1807-க்கு முன்பு வரை நட்சத்திர வராகனைக் கையால்தான் அடித்தது. அதற்கும் இதே கண் வேண்டும்.

நிறத்தை மறந்துவிடக் கூடாது. இருநூறு ஆண்டுச் செம்பு சீராகக் கருத்து, காபி நிறத்தில் மினுங்குவது பெரிய செல்வம். வீட்டில் செப்புக் குடத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று சிவக்க வைத்து விற்கிறார்கள். அந்தக் கருமைத் தோல் போனால் திரும்ப வராது. வார்த்து எடுத்த போலியையும் இந்தத் தோலைப் பார்த்தே பாதி பிடித்துவிடலாம். மீதிக்கு லென்ஸ் வேண்டும். முகப்பில் ஊசிமுனைக் குழிகளும் விளிம்பில் சுற்றிவரும் கோடும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எழுத்து முழுதாக விழுந்து வயிறு தேய்ந்த யானையைவிட, வால் மட்டும் வில்லைக்கு வெளியே போய், தும்பிக்கையின் மடிப்பு இன்னும் கூர்மையாக நிற்கும் யானையையே எடுப்பேன். முன்னதற்கு வியாபாரி கூடுதலாகக் கேட்பார். கேட்கட்டும்.