கணசத்ரு: கேமரா போகாத தெரு

சத்யஜித் ரேயின் ‘கணசத்ரு’ (1989) பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அது நாடகம் மாதிரி இருக்கிறது என்பது. மாரடைப்புக்குப் பிறகு, மருத்துவர்கள் விதித்த கட்டுப்பாடுகளோடு ஸ்டுடியோவுக்குள் எடுத்த படம். சில அறைகள், நிறையப் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு.

இப்சன் 1882இல் எழுதிய ‘மக்கள் விரோதி’ நாடகத்தில் நார்வே ஊர் ஒன்றின் குளியல் நிலையத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கும். ரே அதை வங்காளத்துச் சண்டிப்பூரின் கோயில் தீர்த்தமாக மாற்றினார். ஊரில் மஞ்சள் காமாலை. டாக்டர் அசோக் குப்தா (சௌமித்ர சாட்டர்ஜி) தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார், தீர்த்தத்தில் கிருமி. கோயிலைக் கொஞ்ச காலம் மூடிக் குழாய்களைச் சரிசெய்யுங்கள் என்கிறார். நகராட்சித் தலைவரோ அவருடைய சொந்தத் தம்பி நிஷித். துளசி போட்ட தீர்த்தம் கெடவே கெடாது என்று கோயில் தரப்பு சாதிக்கிறது. பத்திரிகை பின்வாங்குகிறது. கடைசியில் பொதுக்கூட்டத்தில், நீங்கள் இந்துதானா, இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா என்று தம்பியே கேட்கிறார்.

நிஷித் கேட்பது விஷமக் கேள்வி, சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஜனங்களின் நியாயமான கேள்வி ஒன்றும் இருக்கிறது: ‘நீ எங்க ஆளா?’ ரே அதை மதவெறியாக மட்டும் பார்த்துக் கடந்துவிடுகிறார். டாக்டரின் நம்பிக்கையெல்லாம் ஆய்வக அறிக்கைமேல். அது அச்சில் வந்தால் ஊர் புரிந்துகொள்ளும் என்று நினைக்கிறார். காமாலை வந்த வீட்டுக்காரர் ஒருவர்கூட நம் மனதில் முகமாக நிற்பதில்லை. இதற்கு ஸ்டுடியோவைக் குறை சொல்ல முடியாது. ஒரு நோயாளியை அந்த அறைக்குள் வரவழைத்திருக்கலாமே!

இதே கேள்வியை நாடு நிஜத்தில் சந்தித்தது, போலியோ சொட்டு மருந்து விஷயத்தில். 2002இல் இந்தியாவில் 1,600 பேருக்குப் போலியோ. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அங்கே மேற்கு மாவட்டங்களில் பல முஸ்லிம் குடும்பங்கள் கதவைச் சாத்தின. சொட்டு மருந்து குடித்தால் பிள்ளைக்கு வாரிசு இருக்காது என்று வதந்தி. அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்த அரசாங்கம்தானே மறுபடியும் கதவைத் தட்டியது? காய்ச்சல் வந்தால் எட்டிப் பார்க்காதவர்கள், இந்தச் சொட்டுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றும் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்?

அங்கே நிலைமையை மாற்றியது அறிக்கை மட்டும் இல்லை. அதே தெருப் பெண்களைப் பணிக்கு எடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். இமாம்கள் பள்ளிவாசலிலிருந்து அறிவித்தார்கள். சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்கு, கைகழுவுதல், மற்றத் தடுப்பூசிகள் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். அதாவது, ஜனங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ரேயின் வங்காளத்திலேயே, ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது.

இதனால் டாக்டர் குப்தா தவறானவர் ஆகிவிடமாட்டார். அறிக்கையை மறைக்கிற நகராட்சிமீது யாரும் நம்பிக்கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதை இவ்வளவு நேரடியாகச் சொன்ன இந்தியப் படங்கள் குறைவு. ஆனால் உண்மையைச் சொல்வது பாதி வேலைதான். யார் சொல்கிறார், இதுவரை அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்பது மீதி.

இப்சன் தன் டாக்டரைத் தனியாக நிற்கவைத்தார், தனிமையே பலம் என்று. ரேவுக்கு அதில் சம்மதமில்லை. கடைசியில் படித்த இளைஞர்கள் டாக்டரை வாழ்த்திக் கோஷமிட்டு வருகிறார்கள். மனதுக்கு ஆறுதலான முடிவுதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே டாக்டர் பக்கம் வந்துவிட்டவர்கள். மறுநாள் காலை தீர்த்தத்துக்குக் கை நீட்டப் போகிறவரிடம் யார் பேசுவது? படம் முடியும்போதும் அவர் வரிசையில்தான் நிற்கிறார்.